2019-ல் சுவரில் மாட்டிய டிவி: இன்றுவரை எப்படி இருக்கிறது?

மதுரை திருநகரில் எங்கள் வீட்டு ஹாலில் 2019-ல் மாட்டிய 43 இஞ்ச் டிவி இன்றைக்கும் துளி சரியாமல் நிற்கிறது. பிராக்கெட் சாதாரணமானதுதான். பிடித்து நிற்பது சுவர். அதனால் புதிதாக மாட்டப் போகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "எந்தச் சுவர்?" என்பதைத்தான்.

மாட்ட வந்த தம்பி கொண்டுவந்த பிளக் (சுவர்த் துளைக்குள் செருகி ஸ்க்ரூவைப் பிடிக்க வைக்கும் குழாய்) ஒன்றரை இஞ்ச்கூட இல்லை. சுவர்ப் பூச்சே அரை இஞ்ச் போய்விடும். மிச்சம் செங்கல்லைப் பிடிப்பது எவ்வளவு? "எல்லா வீட்டுக்கும் இதுதாண்ணே போடுறோம்" என்றார். கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, தெருமுனை ஹார்டுவேர் கடையில் 10 மி.மீ. தடிமனும் 60 மி.மீ. நீளமும் உள்ள பிளக், அதற்கேற்ற ஸ்க்ரூ வாங்கி வந்தேன். ஆன செலவு ஒரு டீ, வடைக் காசுதான்.

துளை போடும்போது கொட்டுகிற தூளைக் கவனியுங்கள். முதலில் சாம்பல் நிறத்தில் சிமெண்ட் தூள் வரும். அப்புறம் சிவப்பாகச் செங்கல் தூள். அந்தச் சிவப்பு கடைசிவரை வந்தால் நல்ல பிடி. பாதியில் மறுபடி சாம்பல் நிறம் வந்து மிஷின் பொசுக்கென்று உள்ளே போனால், இரண்டு செங்கல்லுக்கு நடுவே உள்ள சாந்தில் இறங்கிவிட்டது என்று அர்த்தம். எங்களுக்கு ஒரு துளை அப்படி ஆனது. பிராக்கெட்டில் நீள நீளமாகக் காடி விட்டிருப்பதே இதற்குத்தான். இரண்டு இஞ்ச் தள்ளி வேறு துளை போட்டோம். துளைக்குள் இருக்கும் தூளை ஊதி எடுத்துவிட வேண்டும். பிளக் சுத்தியலால் தட்டித்தான் உள்ளே போக வேண்டும். கட்டைவிரலால் அமுக்கியே போய்விட்டால் துளை பெரிது. ரசமட்டம் வைத்துப் பார்த்து, பிராக்கெட்டை முடுக்கி, அதைப் பிடித்து நன்றாகக் கீழே இழுத்துப் பார்த்த பிறகே டிவியை ஏற்றினோம்.

சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயோ கீழேயோ துளை போடவே கூடாது. வயர் பைப் பெரும்பாலும் அந்தக் கோட்டில்தான் ஓடும். பாத்ரூமை ஒட்டிய சுவரென்றால் தண்ணீர் பைப்பும் இருக்கும். மேற்குச் சுவரையும் நான் விட்டுவிட்டேன். சித்திரை வெயிலில் எங்கள் மேற்குச் சுவர் ராத்திரி பத்து மணிக்கும் கை வைக்க முடியாமல் கொதிக்கும்.

தெற்கு மாசி வீதிப் பக்கம் அம்மா இருக்கும் பழைய வீட்டில் கதை வேறு. சுண்ணாம்புக் காரைச் சுவர். ஸ்க்ரூவை முடுக்க முடுக்க உதிர்ந்தது. கொத்தனார் அண்ணன் சொன்ன யோசனைப்படி 18 மி.மீ. பிளைவுட் பலகையைப் பல இடங்களில் நீள ஸ்க்ரூ போட்டு சுவரோடு பிணைத்து, அதன்மேல் பிராக்கெட்டை வைத்தோம். பாரம் பரவலாகிவிட்டது. ஹாலோ பிளாக் சுவர் வைத்திருப்பவர்களும் சாதாரண பிளக்கை நம்ப வேண்டாம். உள்ளே போய் விரிந்து பிடிக்கும் வகை தனியாகக் கிடைக்கிறது.

முன்னால் இழுத்துத் திருப்புகிற கை வைத்த மாடல் பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 கிலோ டிவியை 40 செ.மீ. முன்னால் இழுத்தால், 20 செ.மீ. உயரத் தகட்டின் மேல் ஸ்க்ரூக்களை வெளியே இழுக்கும் விசை ஏறக்குறைய 20 கிலோ. சுவரிலிருந்து 5 செ.மீ. தள்ளி நிற்கும் மாடலில் அது இரண்டரைக் கிலோதான். குழந்தைகள் பிடித்துத் தொங்கினால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். நாலரை இஞ்ச் தடுப்புச் சுவரில் அந்தக் கை மாடலை மாட்டவே வேண்டாம் என்பேன்.

உயரத்தில் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். ஏதோ சாமி படம் மாதிரி மேலே ஏற்றிவிட்டு, கழுத்து வலிக்கிறது என்கிறார்கள். எங்கள் வீட்டில் பாதிப் பேர் பாயில் உட்கார்ந்துதான் பார்ப்பார்கள். அதனால் திரையின் நடுப்பகுதி தரையிலிருந்து மூன்றரை அடிக்குள் வருகிற மாதிரி வைத்து, லேசாகக் குனிய வைக்கும் பிராக்கெட் போட்டோம். யாரும் இதுவரை குறை சொல்லவில்லை.

சுவரோடு ஒட்டி நிற்கும் மாடலில் ஒரே சங்கடம், பின்னால் கை நுழையாது. மாட்டும் முன்பே ஒரு எச்.டி.எம்.ஐ. நீட்டிப்பு வயரைச் செருகி வெளியே விட்டுவைத்தால் பிழைத்தோம். பயன்படுத்தாத ஓட்டைகளில் டேப் ஒட்டுங்கள். எங்கள் டிவியில் ஒன்றுக்குள் குளவி மண்கூடு கட்டியிருந்தது. போகிக்கு வீடு சுத்தம் செய்யும்போது இரண்டு பேராகத் தூக்கி இறக்கி, ஒட்டடையும் பல்லி எச்சமும் துடைத்து, ஸ்க்ரூக்களை ஒருமுறை முடுக்கிப் பார்ப்பேன். வெள்ளையடிக்க வருபவர்கள் கழற்றினால் மறுபடி மாட்டும்போது கூடவே நிற்பேன். டிவியின் பின்பக்கம் அதற்குரிய நீளத்தைவிடப் பெரிய ஸ்க்ரூவைப் போட்டால் உள்ளே குத்திவிடும்.