சில்வர்ஃப்ராஸ்ட் எஃப்டிஎன்95: பிழை பிடிக்கும் கம்பைலர்

ஜிஃபோர்ட்ரான் என்ற தரமான ஃபோர்ட்ரான் கம்பைலர் இலவசமாகவே கிடைக்கும்போது, இங்கிலாந்தின் சில்வர்ஃப்ராஸ்ட் என்ற சிறு நிறுவனம் விற்கும் எஃப்டிஎன்95 கம்பைலரை யார் தேடிப் போவார்கள் என்று, சிங்கப்பூரின் தேக்காவில் தேநீர் குடிக்கும்போது நண்பர் ஒருவர் கேட்டார். (ஃபோர்ட்ரான் என்பது அறிவியல், பொறியியல் கணக்குகளுக்கான பழைய கணினிமொழி; அதில் எழுதிய நிரலைக் கணினி ஓட்டக்கூடிய வடிவுக்கு மாற்றுவது கம்பைலர்.) அவருக்குச் சொன்ன பதிலைச் சற்று விரித்து எழுதுகிறேன்.

நான் ஓய்வுபெற்ற மண்ணியல் பொறியாளன். கடலைத் தூர்த்து மீட்ட நிலத்தின் அடியிலுள்ள கடல் களிமண், மேலேற்றிய பாரத்தால் நீர் வடிந்து எவ்வளவு அமிழும் என்று கணக்கிட 1980களில் நானே ஃபோர்ட்ரானில் எழுதிய நிரலை, அண்மையில் பொழுதுபோக்காக மடிக்கணினியில் ஓட்டிப் பார்த்தேன். இரண்டு மண்ணடுக்குகளுக்கு ஒழுங்காக விடை தந்த நிரல், மூன்றாவது அடுக்கைச் சேர்த்ததும் ஓட்டும்தோறும் வெவ்வேறு எண்ணைக் காட்டியது.

எஃப்டிஎன்95இல் அன்டெஃப் என்ற தெரிவைச் சேர்த்து ஓட்டியபோது, மதிப்பு இடப்படாத மாறியை, அதாவது எண்ணைச் சேமிக்கப் பெயரிட்டு ஒதுக்கிய நினைவக இடத்தை, படிக்க முயல்வதாக அறிவித்துவிட்டு நிரல் நின்றது; உடன்வரும் பிழைதிருத்தி அந்த வரியையே திறந்து காட்டியது. மூன்றாம் அடுக்குக்கென்று பின்னாளில் ஒட்டவைத்த பகுதியில், கூட்டுத்தொகை மாறிக்குத் தொடக்கத்தில் சுழியம் இட நான் மறந்திருந்தேன். அக்காலக் கணினி நினைவகத்தைச் சுழியத்தால் நிரப்பித் தந்ததால்தான் இத்தனை ஆண்டுகளாக என் குட்டு வெளிப்படவில்லை போலும்.

இதன் சூட்சுமம் எளிமையானது. கம்பைலர் ஒவ்வொரு மாறியின் பைட்டுகளிலும் முன்கூட்டியே 128 என்ற எண்ணை நிரப்பிவைத்து, மாறியைப் படிக்கும் இடமெல்லாம் அந்த அடையாளம் இன்னும் அழியாமல் இருக்கிறதா என்று சோதிக்கிறது. ஜிஃபோர்ட்ரானின் ஓட்டநேரச் சோதனைகள் வரிசையின் (எண்களின் பட்டியலின்) எல்லை மீறலைப் பிடிக்குமே தவிர, மதிப்பு இடப்படாத மாறியைப் பிடிப்பதில்லை. இவ்வளவு சோதனைக்கும் விலை வேகம்தான், நிரல் நத்தையாகிவிடும்.

சால்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வேர்விட்ட இந்தக் கம்பைலர் விண்டோஸுக்கு மட்டுமே உரியது. ஃபோர்ட்ரான் 95 என்ற மொழித் தரத்தோடு பிந்தைய தரங்களின் சில கூறுகளை மட்டும் ஏற்பதால், தரவையும் அதன்மீதான செயல்களையும் ஒன்றாகக் கட்டும் பொருள்நோக்கு முறையில் புதிதாக எழுதுபவர்களுக்கு ஒத்துவராது.

சிறு நிறுவனத்தை நம்பலாமா என்பதும் நியாயமான கேள்விதான். முன்பொரு சமயம் வேறொரு சிறு நிறுவனத்திடம் பல நூறு வெள்ளி கொடுத்து வாங்கிய கம்பைலர், அச்சுப்பொறித் துளையில் செருகும் பூட்டு இருந்தால்தான் திறக்கும். நிறுவனமும் கடையைச் சாத்தியது, புதுக் கணினிகளில் அந்தத் துளையும் இல்லாமல் போயிற்று. எஃப்டிஎன்95இன் தனிநபர் பதிப்பு வணிகம் சாராத பயன்பாட்டுக்கு இலவசம் என்பதால் எனக்கு அந்த அச்சம் இல்லை. பழைய நிரல்களை நம்பித் தொழில் நடத்தும் அலுவலகமாக இருந்தால், வணிக உரிமத்துக்குப் பணம் கொடுக்க நான் தயங்கமாட்டேன்.

பிழைகளை இதில் களைந்த பிறகு, நீண்ட கணக்குகளை ஜிஃபோர்ட்ரானிலேயே ஓட்டுகிறேன்.