கல்ஓயாவில் மாறுவதா, மாகோவில் மாறுவதா, பஸ்ஸே போதுமா?

மட்டக்களப்பில் இருந்து கொழும்புக்குப் போகிறவருக்குக் குழப்பம் ஒன்றுமில்லை. உதயதேவி, புலதிசி, மீனகயா என்ற மூன்று ரயில்களில் நேரத்துக்குத் தோதானதில் ஏறி இருந்தால் கோட்டையில் இறங்கலாம். திருகோணமலைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போகிறவர்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது. திருகோணமலை என்றால் கல்ஓயா சந்தியில் மாற வேண்டும், யாழ்ப்பாணம் என்றால் மாகோ சந்தியில். இல்லையென்றால் பஸ். அம்பாறைப் பக்கத்தவர்கள் கவனிக்க: இந்தக் கல்ஓயா இங்கினியாகலையில் அணை கட்டிய கல்லோயா இல்லை. இது ஹபரணைக்கும் மின்னேரியாவுக்கும் இடையில் இருக்கிற ஸ்டேஷன்.

முதலில் திருகோணமலை. என்னைக் கேட்டால் பஸ்தான், இதில் எனக்கு இரண்டாம் எண்ணமே இல்லை. ஒரு காலத்தில் வெருகலிலும் கிண்ணியாவிலும் பாதைக்கு, அதாவது ஆற்றைக் கடத்திவிடுகிற மிதவைக்கு, காத்துக் கிடந்துதான் அந்தக் கரையோர வீதியால் போக முடிந்தது. போர்க்காலத்தில் அதுவும் இல்லை. 2009இல் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு நிலைமையே வேறு. இப்போது பனிச்சங்கேணி, வாகரை, கதிரவெளி, வெருகல், மூதூர் என்று கடலை ஒட்டியே போய்ச் சேரலாம். ரயிலோ பொலன்னறுவையையும் மின்னேரியாவையும் தாண்டி உள்நாட்டுக்குள் போய், கல்ஓயாவில் நம்மை இறக்கிவிட்டு, அங்கிருந்து கந்தளாய், தம்பலகாமம், சீனன்குடா வழியாகத் திரும்பக் கடலுக்கு வருகிறது. பக்கத்து ஊருக்கு இவ்வளவு சுற்று எதற்கு?

கல்ஓயாவில் மாறுவதில் இன்னொரு கஷ்டமும் உண்டு. சந்தி என்றுதான் பெயர், ஊர் என்று சொல்ல அங்கே பெரிதாக எதுவும் இல்லை. சுற்றிவரக் காடு. அடுத்த ரயிலைத் தவறவிட்டால், பிள்ளைகளோடும் பைகளோடும் எங்கே போய் இருப்பது? அந்தப் பாதை யானைகள் நடமாடும் இடம் வேறு. 2025 பெப்ரவரியில் மீனகயா யானைக் கூட்டத்தில் மோதித் தடம்புரண்டதும், ஆறு யானைகள் செத்ததும் இந்தப் பகுதியில்தான். அந்தப் படங்களைப் பார்த்தவர்களுக்கு மனசு ஆறியிருக்காது. காட்டுக்குள் ரயில் மெதுவாகப் போனால் முணுமுணுக்காதீர்கள், போகத்தான் வேண்டும். பிந்தினால் பிந்தட்டும். ஆனால் முதல் ரயில் பிந்தினால் மாறி ஏற வேண்டியது போய்விடும் என்பதையும் கணக்கில் எடுங்கள். ஒற்றைத் தண்டவாளம் என்பதால், எதிரே வருகிற ரயிலுக்கு வழிவிடவும் ஸ்டேஷனில் நிற்க வேண்டி வரும்.

யாழ்ப்பாணப் பயணம் அப்படி ஒரே சொல்லில் முடிகிற விஷயம் இல்லை. மட்டக்களப்பில் இருந்து மாகோவுக்குச் சுமார் 210 கிலோமீற்றர். தென்மேற்கே அவ்வளவு தூரம் போய் இறங்கி, திரும்ப வடக்கே அனுராதபுரம், வவுனியா, கிளிநொச்சி என்று இன்னும் 250 கிலோமீற்றருக்கு மேல் போக வேண்டும். வரைபடத்தில் பார்த்தால் ஒரு பெரிய கொக்கி மாதிரி இருக்கும். 1920களின் இறுதியில் இந்தப் பாதையைப் போட்டவர்கள் கொழும்பை மனதில் வைத்துத்தான் போட்டார்கள். கிழக்கில் இருந்து வடக்குக்கு ஆட்கள் போவார்கள் என்று எண்ணிப் போட்ட பாதை இல்லை. நேரே போகிற பஸ்ஸில் ஏறினால் வவுனியா வழியாக, எங்கேயும் மாறாமல், தூரமும் குறைவாகப் போய்விடலாம்.

அப்படியிருந்தும் அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு போவதென்றால் நான் கோச்சியை, அதாவது ரயிலைத்தான் சொல்வேன். இரவு முழுக்க பஸ் சீற்றில் காலை மடக்கிக்கொண்டு இருப்பது முழங்கால் வலிக்காரருக்குப் பெரிய தண்டனை. டிரைவர் நிறுத்துகிற கடை வரும்வரை சலத்தை அடக்கிக்கொண்டு இருக்கிற அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன். அதற்குப் பயந்து தண்ணீரே குடிக்காமல் வருவார்கள், தந்த போத்தல் மூடி திறக்காமல் மடியிலேயே கிடக்கும். ரயிலில் எழுந்து நடக்கலாம், கழிப்பறை இருக்கிறது, சாப்பாட்டுப் பார்சலை ஆறுதலாகப் பிரிக்கலாம்.

மாறுவதற்கும் கல்ஓயாவை விட மாகோ எவ்வளவோ மேல். வடக்குப் பாதை ரயில்களும் கிழக்குப் பாதை ரயில்களும் அதைத் தொட்டே போகின்றன. பக்கத்தில் கடைத்தெரு இருக்கிறது, ஓட்டோ பிடிக்கலாம். இடையில் நாலைந்து மணித்தியாலம் கிடைத்தால், காலில் தெம்பு உள்ளவர்கள் யாப்பகுவக் கோட்டையையும் பார்த்துவிட்டு வரலாம், தூரமில்லை. இந்தியக் கடனுதவியில் நடந்த திருத்த வேலைக்காக 2024இல் மாகோவுக்கும் அனுராதபுரத்துக்கும் இடையில் பல மாதங்கள் ரயில் ஓடவில்லை. ஒக்டோபரில் பாதை திறந்ததும் வடக்குப் பயணம் திரும்ப வழிக்கு வந்தது.

மாகோவில் மாறுவதென்று முடிவெடுத்தால் இரண்டு ரயிலிலும் தனித்தனியாக இருக்கை பதிவு செய்யுங்கள். ஒன்றில் பதிவு செய்துவிட்டு மற்றதில் நின்றுகொண்டு போனால் முதியவர்களை ரயிலில் கூட்டிப் போவதில் அர்த்தமே இல்லை. இரண்டுக்கும் நடுவில் தாராளமாக நேரம் விடுங்கள். நேர அட்டவணை மாறிக்கொண்டே இருப்பதால், புறப்படுவதற்கு முதல்நாள் 1971க்கு அடித்தோ மட்டக்களப்பு ஸ்டேஷனிலோ கேட்டுக்கொள்ளுங்கள்.

கல்முனை, அக்கரைப்பற்றுக்காரருக்கு இந்தக் கணக்கே வேறு. அம்பாறை மாவட்டத்துக்குள் ரயில் வராததால் மட்டக்களப்புக்கு பஸ்ஸில் வந்துதான் ஏற வேண்டும். யாழ்ப்பாணம் போகிற அவர்களுக்கு மாகோவில் மாறுவது இரண்டாவது மாற்றம். முதியவர்கள் கூட வராவிட்டால் அவ்வளவு பாடு வேண்டாம், பஸ்ஸிலேயே போங்கள். முதியவர்கள் வருவதென்றால் முதல்நாளே வந்து மட்டக்களப்பில் சொந்தக்காரர் வீட்டில் தங்கி, அடுத்த நாள் ரயில் எடுப்பது நல்லது.