யோஷிதாவின் லிபரல் கட்சியா, ஹதோயாமாவின் ஜனநாயகக் கட்சியா?

ஜப்பானை நெடுங்காலம் ஆண்ட லிபரல் ஜனநாயகக் கட்சியின் பெயரிலேயே இரண்டு கட்சிகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் ஜப்பான் ஜனநாயகக் கட்சிக்கு ஓராண்டு ஆயுள்கூட இல்லை. 1954 நவம்பர் 24-இல் தொடங்கியது. 1955 நவம்பர் 15-இல் லிபரல் கட்சியோடு இணைந்து மறைந்தது.

இரண்டும் பழைமைவாதக் கட்சிகள்தான். அப்புறம் ஏன் இவ்வளவு பகை? நாற்காலிதான் காரணம். 1946 தேர்தலில் லிபரல் கட்சியை முதலிடத்துக்குக் கொண்டுவந்தவர் ஹதோயாமா இச்சிரோ. பிரதமராகப் போகிற நேரத்தில் அமெரிக்க ஆக்கிரமிப்பு நிர்வாகம் அவரைப் பொதுவாழ்விலிருந்தே விலக்கிவிட்டது. கட்சியை முன்னாள் தூதர் யோஷிதா ஷிகெருவிடம் ஒப்படைத்தார். 1951-இல் தடை நீங்கியது. அதற்குச் சற்று முன்புதான் அவரைப் பக்கவாதம் தாக்கியிருந்தது. யோஷிதாவோ இடத்தை விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் ஹதோயாமா பிரிந்துபோய் ஜனநாயகக் கட்சியைத் தொடங்கினார். அவருடைய ஆத்திரம் நியாயமானது என்றே எனக்குப் படுகிறது.

பிளவு வீடுவரை போனது. ஜனநாயகக் கட்சியின் பொதுச்செயலாளர் கிஷி நொபுசுகே. அவருடைய சொந்தத் தம்பி சதோ எய்சகு லிபரல் கட்சியில் யோஷிதாவின் செல்லப்பிள்ளை. தத்து போனதால்தான் அண்ணனுக்கு வேறு குடும்பப்பெயர். பின்னாளில் இருவருமே பிரதமரானார்கள்.

சரி, கொள்கைக்கு வருவோம். பாதுகாப்பை அமெரிக்காவிடம் விட்டுவிட்டு, படைச்செலவைக் குறைத்து, பொருளாதாரத்தைத் தூக்கி நிறுத்துவது யோஷிதாவின் வழி. ராணுவம் வைக்கக்கூடாது என்ற அரசியல் சட்டத்தைத் திருத்தி முறையான ராணுவம் வைப்பது, சோவியத்தோடு உறவைச் சீராக்குவது ஹதோயாமாவின் வழி.

1955 பிப்ரவரி தேர்தலில் ஜனநாயகக் கட்சிக்கு 185 இடம், லிபரல் கட்சிக்கு 112. மொத்தம் 467 என்பதால் ஹதோயாமாவுக்குப் பெரும்பான்மை இல்லை. அதைவிடப் பெரிய அடி வேறு. அரசியல் சட்டத் திருத்தத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். திருத்தத்தை எதிர்த்த இரு சோஷலிஸ்ட் கட்சிகளும் சேர்ந்து பெற்றது 156. மூன்றில் ஒரு பங்கை ஒரு மயிரிழையில் தாண்டிய எண்ணிக்கை. திருத்தக் கனவு அங்கேயே நின்றுபோனது. அக்டோபரில் சோஷலிஸ்டுகள் ஒன்றாகிவிட, அடுத்த மாதமே பழைமைவாதிகளும் ஒன்றாக வேண்டியதாயிற்று.

பொருளாதாரத்தில் யோஷிதாவின் வழிதான் ஜப்பானை நிமிர்த்தியது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் இரண்டில் ஒன்றைக் காட்டச் சொன்னால் ஹதோயாமா பக்கம்தான் கைநீட்டுவேன். உடல் ஒத்துழைக்காத அந்த 73 வயது மனிதர் 1956 அக்டோபரில் மாஸ்கோவரை போய்க் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டார். போர் முடிவில் சோவியத் பிடித்துக்கொண்ட வடக்குத் தீவுகளின் பிரச்சினை தீரவில்லைதான். ஆனால் ஜப்பானை ஐ.நா.வுக்குள் விடாமல் தடுத்துவந்த சோவியத் வழிவிட்டது; டிசம்பர் 18-இல் இடம் கிடைத்தது. அந்த மாதக் கடைசியில், போர் முடிந்து 11 ஆண்டுகளாக சோவியத் முகாம்களில் அடைபட்டிருந்த ஜப்பானியர்களை ஏற்றிக்கொண்டு ஒரு கப்பல் மைசுரு துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது.