காளானைப் பதிவு செய்ய: படமா, உலர்ந்த மாதிரியா?

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் பாபநாசம், மாஞ்சோலைப் பக்கம் மட்கிய மரமெல்லாம் காளான்தான். அபூர்வமாக ஒன்று கண்ணில் பட்டால் எப்படிப் பதிவு செய்வது?

செல்போனில் படம் எடுத்து, உயிரினங்களைப் பதிவு செய்யும் ஐநேச்சுரலிஸ்ட் (iNaturalist) இணையதளத்தில் ஏற்றுவது லேசு. இடமும் தேதியும் கூடவே பதிவாகிவிடும். ஆனால் குடையை மேலிருந்து மட்டும் எடுத்தால் பிரயோசனமில்லை. குடைக்கு அடியில் மடிப்பு மடிப்பாக இருக்கும் செவுள், தண்டின் அடிப்பகுதி, முளைத்த மரம் எல்லாம் வேண்டும்.

மாதிரி எடுப்பது கொஞ்சம் மெனக்கெடும் வேலை. குடையை வெட்டி, பாதி வெள்ளைத் தாளிலும் பாதி கறுப்புத் தாளிலும் படும்படி கவிழ்த்து, டம்ளரால் மூடி வையுங்கள். காலையில் எடுத்தால் வித்துத்தூள் (காளானுக்கு விதை மாதிரியான நுண்துகள்) கோலம் போட்டதுபோல் படிந்திருக்கும். அந்த நிறமே பாதி அடையாளம். எனக்கு இன்னும் அலுக்காத காட்சி அது! அப்புறம் இளஞ்சூட்டில் மொறுமொறுவென உலர்த்திக் காகித உறையில் போட்டால், பல வருடம் கழித்தும் நுண்ணோக்கியில் பார்க்கலாம், டிஎன்ஏ எடுக்கலாம். படத்தால் இது முடியாது. அபூர்வ இனம் என்றால் என் ஓட்டு மாதிரிக்குத்தான்.

ஆனால் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் வனத்துறை அனுமதியின்றி எதையும் பறிக்கக் கூடாது. அங்கே படம் மட்டும் போதும். மாதிரியைச் சொந்தத் தோப்பிலும் வரப்பிலும் எடுங்கள்.