சவூதி 'பேக்கேஜ்' என்று பணம் கேட்டால்: காட்மாண்டுவில் நான் பட்டது

கொரோனாத் தடை நீங்கி, 2021 டிசம்பர் 1 முதல் இந்தியாவிலிருந்து நேராகச் சவூதிக்குள் போகலாம் என்று அறிவிப்பு வந்த நாளிலிருந்து எங்கள் ஊர் வாட்ஸாப் குரூப்களில் மறுபடியும் போஸ்டர்கள் சுற்ற ஆரம்பித்துவிட்டன. 'டிக்கெட், 5 நாள் குவாரன்டீன், பி.சி.ஆர். எல்லாம் சேர்த்து ஒரே ரேட். சீட் குறைவு, முந்துங்கள்.' அதில் ஒரு போஸ்டரின் அடியில் இருக்கும் எண்ணைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. 2021 ஏப்ரலில் என்னிடம் 1,15,000 ரூபாய் வாங்கியவரின் எண் அது. கடைக்குப் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்.

வழக்கு நடப்பதால் பெயரை இங்கே எழுதவில்லை. பெயர் தெரிந்தும் பெரிய பலன் இல்லை, ஏனென்றால் இதே வேலையை இதே மாதிரி செய்பவர்கள் புதுக்கோட்டை, தஞ்சாவூர், இராமநாதபுரம் எங்கும் இருக்கிறார்கள். எப்படிச் செய்கிறார்கள் என்று தெரிந்துகொண்டால் போதும்.

நான் சவூதியின் தம்மாம் நகரில் எலக்ட்ரீஷியன். 2021 ஜனவரியில் சவூதி எல்லையைத் திறந்ததும் லீவுக்கு வந்தேன். பிப்ரவரி 3 இரவு இந்தியா உட்பட 20 நாடுகளுக்குச் சவூதி தடை போட்டது. கடைசி 14 நாளில் அந்த நாடுகளில் இருந்தவர்கள் உள்ளே வர முடியாது. அதுவரை நம்மவர்கள் துபாயில் 14 நாள் தங்கிவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். அந்தப் பட்டியலில் அமீரகமும் இருந்ததால் அந்த வழி அடைபட்டது, அங்கே பாதி நாள் கழித்தவர்கள் அப்படியே மாட்டிக்கொண்டார்கள். அப்புறம்தான் தடை இல்லாத நேபாளம், மாலத்தீவு, பஹ்ரைன் என்று ஆளுக்கொரு வழி சொல்ல ஆரம்பித்தார்கள்.

என் ரீ-என்ட்ரி, அதாவது லீவு முடிந்து சவூதிக்குத் திரும்பும் அனுமதி, மே மாதத்தோடு முடிவதாக இருந்தது. இந்த ஒரு தேதியை வைத்துத்தான் ஏஜென்ட் பேசுவார். "தம்பி, இகாமா (சவூதியில் தங்கும் அனுமதி) போச்சுன்னா புது விசாவுக்கு எவ்வளவு ஆகும்னு உங்களுக்கே தெரியும். காட்மாண்டு இன்னைக்குத் திறந்திருக்கு. நாளைக்கு என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது" என்றார். அவர் சொன்னதில் கடைசி வாக்கியம் மட்டும் சத்தியமான உண்மை. பிறகு மே 24 அன்று, தடை உள்ள நாடுகளில் மாட்டியவர்களின் இகாமாவையும் ரீ-என்ட்ரியையும் சவூதி அரசே கட்டணம் இல்லாமல் ஜூன் 2 வரை நீட்டித்தது. அதற்கப்புறம் ஜூலை 31, ஆகஸ்ட் 31 என்று நீட்டித்துக்கொண்டே வந்தது. பிறகு 2022 ஜனவரி 31 வரை போனது. ஏப்ரலில் இது யாருக்கும் தெரியாது. இனிமேல் 'விசா முடியுது, இன்னைக்கே கட்டுங்க' என்று யாராவது அவசரப்படுத்தினால், முதலில் உங்கள் கம்பெனியில் அப்ஷர் என்ற சவூதி அரசு இணையக் கணக்கைப் பார்க்கச் சொல்லித் தேதியை உறுதிசெய்யுங்கள்.

பேக்கேஜ் என்று அவர் சொன்னதில் திருச்சி-டெல்லி-காட்மாண்டு டிக்கெட், 14 நாள் ஹோட்டல், சாப்பாடு, இரண்டு பி.சி.ஆர்., காட்மாண்டு-தம்மாம் டிக்கெட், நேபாளத்திலிருந்து வேறு நாட்டுக்குப் போக இந்தியத் தூதரகம் தரும் தடையில்லாச் சான்று எல்லாம் அடக்கம். எதற்கு எவ்வளவு என்று கேட்டேன். "அதெல்லாம் பிரிக்க முடியாது தம்பி, மொத்த ரேட்டுதான்" என்றார். 60,000 ரூபாயை அவருடைய மைத்துனர் எண்ணுக்கு ஜிபே செய்யச் சொன்னார். மீதியைக் கையில் வாங்கிக்கொண்டார். ரசீது கேட்டதற்கு விசிட்டிங் கார்டின் பின்பக்கம் 'நேபாள் பேக்கேஜ் 1,15,000 பெற்றேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்தக் கார்டைத் தூக்கிப் போடாமல் பர்ஸில் வைத்திருந்தது பிறகு ரொம்ப உதவியது.

காட்மாண்டுவில் தமேல் என்ற பகுதி. சந்துக்குச் சந்து ஹோட்டல், எல்லாவற்றிலும் நம்மூர் ஆட்கள், மலையாளிகள், பீகார்க்காரர்கள். அறைக்கு இரண்டு பேர் என்று சொல்லி அனுப்பினார்கள், நான்கு பேரைப் போட்டார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். போன உடனே 'ரெஜிஸ்டர் செய்ய' என்று பாஸ்போர்ட்டை வாங்கிக் கவுன்ட்டர் டிராயரில் போட்டுப் பூட்டினார்கள், திரும்பித் தரவில்லை. சில நாள் கழித்து மேனேஜர் ஒரு நீள நோட்டோடு மாடிக்கு வந்தார். எங்கள் நான்கு பேர் பெயருக்கு நேரே ஐந்து இரவுக்கு மட்டும் பணம் வந்ததாக டிக் போட்டிருந்தது. மீதிக்குக் கோடு. ஊர் ஏஜென்ட் காட்மாண்டுவில் உள்ள ஒரு சப்-ஏஜென்ட்டிடம் கொடுத்து, அவர் ஹோட்டலுக்குக் கொடுக்க வேண்டிய பணம் அது, நடுவில் எங்கேயோ நின்றுவிட்டது. அந்த நோட்டில் இன்னொன்றும் தெரிந்தது. சாப்பாட்டோடு ஆளுக்கு ஒரு நாள் வாடகை 900 இந்திய ரூபாய்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு லட்சத்துக்கு மேல் வாங்கியதில் ஹோட்டலுக்கு எவ்வளவு போகும் என்று.

தடையில்லாச் சான்று விஷயமும் அப்படித்தான். இந்தியாவிலிருந்து விமானத்தில், பாஸ்போர்ட்டில் இமிகிரேஷன் முத்திரையோடு வந்தவர்களுக்கு அந்தச் சான்றே வேண்டாம் என்று தூதரகம் ஏப்ரல் 19 அன்று தற்காலிகமாக அறிவித்துவிட்டது. அதற்கு அப்புறமும் எங்கள் ஹோட்டலுக்கு வந்தவர்களிடம் அதற்கென்று பணம் பிடித்திருந்தார்கள்.

இதற்கிடையில் நேபாளம் ஒரு அறிவிப்பு விட்டது: ஏப்ரல் 28 நள்ளிரவு முதல், வேறு நாட்டுக்குப் போவதற்காக நேபாளம் வருகிற வெளிநாட்டவருக்கு அனுமதி இல்லை. மறுநாளே காட்மாண்டு பள்ளத்தாக்கில் ஊரடங்கு. மே 6 நள்ளிரவோடு சர்வதேச விமானங்களும் நிற்கப்போகின்றன என்று செய்தி வந்தது. ஏற்கெனவே உள்ளே இருந்தவர்கள், நாள் முடிந்ததும் கிளம்பிவிட வேண்டும் என்று பரபரத்தார்கள். என் டிக்கெட் மே 3-ந் தேதிக்கு இருந்தது. அதனால் நான் கொஞ்சம் தைரியமாகத்தான் இருந்தேன்.

அறையில் இருந்த மலப்புரத்துக்காரர் ஒருவர் ஜித்தாவில் டிக்கெட் கவுன்ட்டரில் வேலை பார்த்தவர். என் பி.டி.எஃப்.-ஐ வாங்கிப் பார்த்துவிட்டு, இதில் டிக்கெட் நம்பர் எங்கே என்று கேட்டார். ஆறு எழுத்தில் பி.என்.ஆர். இருக்கிறதே என்றேன். பி.என்.ஆர். என்பது சீட்டைப் பிடித்து வைத்திருப்பது மட்டும்தான், பணம் கட்டி டிக்கெட் அடித்தால்தான் 13 இலக்க எண் வரும், அதில் முதல் மூன்று இலக்கம் விமான நிறுவனத்தின் குறியீடு, சவூதியாவுக்கு 065, ஏர் இந்தியாவுக்கு 098 என்று விளக்கினார். விமான நிறுவனத்துக்குப் போன் செய்தோம். அந்த பி.என்.ஆருக்குப் பணமே கட்டவில்லையாம், கெடு முடிந்ததும் சிஸ்டமே ரத்து செய்துவிட்டதாம். ரத்தான தேதியைக் கேட்டேன். நான் திருச்சியில் விமானம் ஏறுவதற்கு முந்தைய தேதி.

இன்னொரு முறை படியுங்கள். நான் ஊரை விட்டுக் கிளம்பும்போதே எனக்குச் சவூதி டிக்கெட் இல்லை. நேபாளம் கதவைச் சாத்தாமல் இருந்திருந்தால் கடைசி நேரத்தில் கிடைக்கிற ரேட்டுக்கு ஏதாவது ஒன்றைப் போட்டுக் கொடுத்திருப்பார். சாத்திவிட்டதால் அந்தப் பணம் முழுக்க அவருக்கு லாபம். கொரோனா காலத்தில் எல்லை மூடினால் பயணிக்குத்தான் நஷ்டம், இந்த மாதிரி ஆட்களுக்கு அது வரவு. 'ஒரே ரேட்' என்று பிரிக்காமல் வாங்குவதே இதற்குத்தான்.

போனில் முதலில் "சிஸ்டம் பிராப்ளம் தம்பி, ராத்திரிக்குள்ள வந்துரும்" என்றார். அப்புறம் எடுக்கவில்லை. அப்புறம் என் எண்ணை பிளாக் செய்துவிட்டார். வீட்டிலிருந்து பணம் வரவழைத்து ஹோட்டல் பாக்கியைக் கட்டி, பாஸ்போர்ட்டை மீட்டு, எல்லை ஊரான பீர்கஞ்ச் வழியாகப் பீகாரின் ரக்சௌல் வந்து ரயில் பிடித்தேன். இரண்டாம் அலை உச்சத்தில் இருந்த நேரம். அந்தப் பயணத்தைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. ஊர் வந்து சேர்ந்தபோது மே 10 ஊரடங்கு தொடங்கி, அவர் கடையும் சட்டபூர்வமாகவே மூடியிருந்தது.

கடை திறந்ததும் போய்க் கேட்டேன். அவர் சொன்ன பதிலைத்தான் எல்லோரும் கவனிக்க வேண்டும். "ஏர்லைன்காரன் ரீஃபண்ட் தரல தம்பி. கிரெடிட் ஷெல்லுல கிடக்கு. சுப்ரீம் கோர்ட்டே அப்படித்தான் சொல்லியிருக்கு." கேட்பவர்களில் பாதிப் பேர் கோர்ட் என்றதும் திரும்பி வந்துவிடுவார்கள்.

உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபர் 1 அன்று தீர்ப்புச் சொன்னது உண்மைதான். கிரெடிட் ஷெல், அதாவது பணத்தைத் திருப்பித் தராமல் வேறு டிக்கெட்டுக்கு வரவாக வைக்கும் ஏற்பாடு, 2020 மே 24 வரையிலான ஊரடங்குக் காலப் பயணங்களுக்கு. அதிலும்கூட விமான நிறுவனம் 15 நாளில் பணத்தைத் திருப்ப வேண்டும், முடியாத அளவுக்கு நெருக்கடி இருந்தால் மட்டும் கிரெடிட் ஷெல், அதையும் பயன்படுத்தாவிட்டால் 2021 மார்ச் 31-க்குப் பிறகு பணமாகவே கொடுக்க வேண்டும். ஏஜென்ட் மூலம் வாங்கிய டிக்கெட்டாக இருந்து பணம் ஏஜென்ட்டுக்கு வந்தால் அவர் உடனே பயணியிடம் கொடுத்துவிட வேண்டும். 2020 மே 24-க்குப் பிறகான பயணங்களுக்கு, விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டி.ஜி.சி.ஏ.வின் வழக்கமான ரீஃபண்ட் விதிதான். அந்த விதிப்படி, ஏஜென்ட் மூலம் எடுத்திருந்தாலும் ரீஃபண்டுக்கு விமான நிறுவனமே பொறுப்பு, கெடு அப்போது 30 வேலை நாள். பணத்தைக் கிரெடிட் ஷெல்லில் வைப்பதா வேண்டாமா என்பது பயணியின் விருப்பம். 2021 ஏப்ரலில் போட்ட டிக்கெட்டுக்கு 2020 தீர்ப்பைக் காட்டியிருக்கிறார்.

என் விஷயத்தில் டிக்கெட்டே இல்லை என்பதால் ரீஃபண்ட் என்ற பேச்சே பொய். ஆனால் எங்கள் அறையில் இருந்த இராமநாதபுரத்து அண்ணன் ஒருவருக்கு உண்மையான டிக்கெட் இருந்தது, விமானம் ரத்தானது. அவரிடமும் 'கிரெடிட் ஷெல்' கதைதான். அவர் நேரடியாக விமான நிறுவனத்தைக் கூப்பிட்டுக் கேட்டபோது, ஜூனிலேயே முழுப் பணமும் ஏஜென்ட் கணக்குக்குப் போய்விட்டது என்று தேதியோடு சொன்னார்கள். ரத்து, ரீஃபண்ட் பற்றிய எல்லா மெசேஜும் ஏஜென்ட் போனுக்கே போயிருக்கிறது, ஏனென்றால் புக்கிங்கில் இருந்தது ஏஜென்ட்டின் எண்ணும் மெயிலும்தான். இது மட்டும் தெரிந்திருந்தால் எத்தனையோ பேருக்குப் பணம் வந்திருக்கும். புக்கிங்கில் உங்கள் சொந்த எண் இருக்கிறதா என்று அவர் எதிரிலேயே விமான நிறுவனத்தின் தளத்தைத் திறந்து பாருங்கள். மலிவு விலை விமானங்கள் சிலவற்றில் 13 இலக்க எண் இருக்காது, பி.என்.ஆர். மட்டும்தான். அவற்றுக்கும் தளத்தில் பெயரைப் போட்டால் 'உறுதி' என்று காட்ட வேண்டும்.

நான் போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். என்ற புகார் ரசீது வாங்கினேன். முதல் நாள் "சிவில் மேட்டர்ப்பா" என்றுதான் சொன்னார்கள். விசிட்டிங் கார்டையும் ஜிபே ஸ்கிரீன்ஷாட்டையும் பி.என்.ஆர். ரத்தான மெயிலையும் காட்டிய பிறகு அவரைக் கூப்பிட்டு விட்டார்கள். ஸ்டேஷன் வாசலில் வைத்து 40,000 கொடுத்தார். மீதிக்கு 'பார்க்கலாம்' என்றார். மீதிக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் போட்டிருக்கிறேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமலும் போகலாம். ஜனவரியில் வாய்தா.

2021 டிசம்பரில் சுற்றிய போஸ்டர்களுக்கு வருகிறேன். எல்லோருக்கும் 5 நாள் குவாரன்டீன் என்று விற்றார்கள். ஆனால் சவூதியிலேயே இரண்டு டோஸ் தடுப்பூசியும் போட்டுக்கொண்டு வந்தவர்களுக்கு அப்போது குவாரன்டீனே இல்லை, ஆகஸ்டிலிருந்தே அவர்கள் நேராகப் போக முடிந்தது. அங்கே ஒரு டோஸ் போட்டவர்களுக்கு டிசம்பர் 4 முதல் 3 நாள்தான் இருந்தது. தவக்கல்னா என்ற சவூதி அரசு செயலியில் என்ன காட்டுகிறது என்று பார்க்காமல் 5 நாளுக்குப் பணம் கொடுத்திருக்கக் கூடாது. இங்கே கோவிஷீல்டு போட்டவர்கள் சான்றிதழில் பாஸ்போர்ட் எண் ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. அரசின் கோவின் தடுப்பூசித் தளத்தில் நாமே சேர்த்துக்கொள்ள முடிந்தது, அதற்கும் 500 ரூபாய் வாங்கினார்கள்.

அப்புறம் தேதி. டிசம்பர் 15 முதல் வழக்கமான சர்வதேச விமானங்கள் தொடங்கும் என்று நம் அரசு சொன்னது, ஒமிக்ரான் வந்ததும் தள்ளிவைத்துவிட்டது. '15-ந் தேதி சீட் கன்ஃபர்ம்' என்று போஸ்டர் போட்டவர்கள் அதை அப்போதும் எடுக்கவில்லை. அட்வான்ஸ் கேட்டால் விமானத்தின் எண்ணைக் கேளுங்கள். ஹோட்டலின் பெயரையும் புக்கிங் எண்ணையும் கேட்டு, ஹோட்டலுக்கே மெயில் போட்டு உறுதிசெய்யுங்கள். டிக்கெட்டுக்கு இவ்வளவு, ஹோட்டலுக்கு இவ்வளவு, ரத்தானால் எதில் எவ்வளவு திரும்பும் என்று கடையின் லெட்டர்பேடில் எழுதித் தரச் சொல்லுங்கள். பணத்தைக் கடையின் வங்கிக் கணக்குக்கு மட்டும் அனுப்புங்கள், மச்சான் எண், தம்பி எண் எதற்கும் வேண்டாம். நேர்மையாகத் தொழில் செய்பவர்கள் இதற்கெல்லாம் முகம் சுளிப்பதில்லை. திருச்சியில் அப்படி ஒருவரிடம்தான் இப்போது எடுத்திருக்கிறேன், கேட்பதற்கு முன்பே பிரித்து எழுதிக் கொடுத்தார்.

2021 ஏப்ரல், மே மாதங்களில் புதுக்கோட்டை மாவட்டத்தில் நேபாளப் பேக்கேஜுக்குப் பணம் கட்டி இன்னும் திரும்ப வராதவர்கள் யாராவது இதைப் படித்தால், எனக்குத் தனிச் செய்தி அனுப்புங்கள். ஜிபே ஸ்கிரீன்ஷாட், அவர் கைப்பட எழுதியது எதுவாக இருந்தாலும் பத்திரமாக வைத்திருங்கள். ஆள் சேர்ந்தால் எஸ்.பி. அலுவலகத்தில் ஒரே மனுவாகக் கொடுத்துவிடலாம். நான் சவூதி போய்விட்டாலும் வாய்தாவுக்கு என் அண்ணன் போவார், எல்லாத் தாளும் அவரிடம் இருக்கிறது.