செம்மொழிப் பூங்காவும் ஐநூறு ரூபாய்த் தாளும்

மே மாதம் கோயம்புத்தூர் போகிறவர்கள் பகலில் பிள்ளைகளை வெளியே இழுக்காதீர்கள். சாயங்காலம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எழும்பட்டும்.

அப்படித்தான் டல்லாஸில் இருந்து போன நாங்களும் அம்மாயியும் மச்சான் குடும்பமும் காந்திபுரம் செம்மொழிப் பூங்காவுக்குக் கிளம்பினோம். 2010 செம்மொழி மாநாட்டில் அறிவித்தது, 2025 நவம்பரில்தான் திறந்தார்கள். மத்திய சிறை நிலத்தில் 45 ஏக்கர். வ.உ.சி. செக்கிழுத்தது இந்தச் சிறையில்தான் என்று மச்சான் சொன்னதும், "அப்போ வ.உ.சி. பூங்கா ஏன் வேற இடத்துல இருக்கு?" என்றான் பெரியவன். ஒருத்தருக்கும் பதில் தெரியவில்லை.

உள்ளே கடையேழு வள்ளல்களுக்குச் சிலை இருக்கிறது. கொல்லிமலை ஓரி, பழனிமலைப் பேகன், தகடூர் அதியமான் என ஏழில் மூன்று பேர் நம்ம பக்கத்து ஆட்கள் என்பதில் மச்சானுக்குத் தனிப் பெருமை. சின்னவளுக்கோ, மயில் அந்தப் போர்வையை என்ன பண்ணியது என்பதுதான் கவலை. முழுப் பூங்காவையும் ஒரே மூச்சில் சுற்ற நினைக்காதீர்கள். அம்மாயி பாதியிலேயே, "நீங்க போயிட்டு வாங்க கண்ணு, நான் காத்து வாங்கறேன்" என்று உட்கார்ந்துவிட்டார்.

சிக்கல் வெளியே தள்ளுவண்டிக் காளான் கடையில் வந்தது. பேர்தான் காளான், பெரும்பாலும் முட்டைக்கோஸ். கல்லில் மசாலாவோடு கொத்திக் கொத்திக் குழைத்து, மேலே வெங்காயமும் மல்லித்தழையும் தூவித் தருவார்கள். அதற்காகவே ஊருக்கு வரலாம். ஐநூறு ரூபாயை நீட்டினேன். "சில்லறை இல்லீங்ணா, ஜிபே பண்ணிருங்க."

என் போனில் யுபிஐ இல்லை. அமெரிக்கா, சிங்கப்பூர், அமீரகம் உள்ளிட்ட பத்து நாட்டு நம்பர்களை, வெளிநாட்டில் வாழும் இந்தியர்களுக்கான என்ஆர்இ, என்ஆர்ஓ வங்கிக் கணக்கோடு இணைத்து யுபிஐ பயன்படுத்த 2023-லேயே வழி செய்துவிட்டார்கள். என் வங்கிக் கிளையிலோ, "இந்திய நம்பர் கொண்டாங்க சார்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதனால் விமானம் ஏறும் முன்பே யுபிஐ செயலியில் உங்கள் நம்பரைப் பதிந்து பாருங்கள். ஆகவில்லையா, வந்ததும் முதல் வேலையாகப் பத்து, இருபது, ஐம்பதாக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். பூச்செடி பார்க்கப் போனாலும் பலூன், சோளம், இளநீர் என்று பிள்ளைகள் விடமாட்டார்கள்.

காளானுக்கு மச்சான்தான் கொடுத்தார். திரும்பும்போது கால் டாக்சிக்காரர் மட்டும் ஐநூறுக்கு முகம் சுளிக்காமல் மீதி எண்ணிக் கொடுத்தார்.