வரிசைப் பயிற்சியா, சின்ன ஆட்டமா?

கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்துக்கு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு வந்தால், நாலு கிரிக்கெட் ஆட்டங்களுக்கு நடுவே எங்களைத் தேட வேண்டியிருக்கும். ஹாக்கி கற்க வரும், எட்டு வயதிலிருந்து பதிமூன்று வரை பன்னிரண்டு பிள்ளைகள், சில நாள் பதினாறு பேர். நான் பயிற்சியாளர் படிப்பு படித்தவன் இல்லை. பள்ளி, கல்லூரி, அப்புறம் அலுவலக அணி என்று முப்பத்தைந்து வருஷம் ஹாக்கி மட்டை பிடித்தேன். முழங்கால் முடியாது என்றதும் விசில் பிடித்தேன். அவ்வளவுதான் என் தகுதி.

என்னோடு பள்ளிக் காலத்திலிருந்து ஆடிய நண்பர் ஒருவரும் வருவார். அவர் ஃபுல் பேக், அதாவது பின்னால் நிற்கும் தடுப்பாளர்; நான் லெஃப்ட் ஹாஃப், அவருக்கு முன்னால் இடப்பக்கம். களத்தில் ஒரே பக்கம் நின்ற எங்களுக்கு, பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்பதில் மட்டும் ஒத்துப்போகவே இல்லை. அவர் வரிசைப் பயிற்சிக் கட்சி. நான் சின்ன ஆட்டக் கட்சி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தே இரண்டு வருஷம் ஆகிவிட்டது.

அவருடைய முறை எங்கள் பி.டி. வாத்தியாருடைய முறைதான். கோன்களை ஒரே கோட்டில் வைப்பார். எங்கள் காலத்தில் கோன் கிடையாது, செங்கல். பிள்ளைகள் வரிசையில் நிற்க, முதல் ஆள் பந்தை வளைத்து வளைத்துக் கொண்டுபோய்த் திரும்பி வருவான். அடுத்த ஆள் கிளம்புவான். பார்க்க அழகாக இருக்கும். சுவரோரம் நிற்கும் பெற்றோருக்கும் ‘ஏதோ நடக்குது’ என்று தெம்பு வரும்.

ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பன்னிரண்டு பேர், ஒரு ஆள் போய்வர இருபது விநாடி. ஒரு பிள்ளைக்குத் திரும்ப முறை வர நாலு நிமிஷம். அரை மணி நேரத்தில் ஏழெட்டு முறை, மொத்தம் இரண்டரை நிமிஷம்தான் பந்து அவன் மட்டையில் இருக்கிறது. மிச்சம் இருபத்தேழரை நிமிஷம் முன்னால் நிற்பவன் காலைத் தட்டிவிடுவது, மட்டையால் மண் கிளறுவது, பக்கத்தில் நடக்கும் கிரிக்கெட்டைப் பார்ப்பது. அதிகாலையில் எழுப்பி, தேவனாம்பட்டினத்திலிருந்து சைக்கிளில் வரவழைத்து, இரண்டரை நிமிஷம் ஹாக்கி.

என் முறைக்கு நாலு ஜோடிச் செருப்பு போதும். இருபது தப்படி நீளம், பதினைந்து தப்படி அகலம். ஜோடிக்கு இரண்டடி இடைவெளி விட்டால் கோல். நாலு பேருக்கு நாலு பேர், கோல்கீப்பர் இல்லை. அதேபோல் பக்கத்தில் இன்னொன்று போட்டால் பதினாறு பேரும் ஆட்டத்தில். பந்து முழங்காலுக்கு மேல் எழும்பக் கூடாது, ஓங்கி அடிக்கக் கூடாது, புஷ் மட்டும். 91.4 மீட்டர் நீளமும் 55 மீட்டர் அகலமும் உள்ள முழு மைதானத்தில் பதினோரு பேரோடு இறக்கிவிட்டால், ஒன்பது வயதுப் பிள்ளைக்குப் பந்து வருவதே அபூர்வம். ஓடத் தெரிந்த இரண்டு பேர் மட்டும் ஆடுவார்கள், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். நாலுக்கு நாலில் ஒளிய இடம் கிடையாது. பந்து வந்துகொண்டே இருக்கும், பறிபோய்க்கொண்டே இருக்கும், திரும்பப் பறித்தாக வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. கோன் அசையாது. கோனைத் தாண்டக் கற்ற பிள்ளை கோனைத் தாண்டுவான். எதிரில் மட்டையோடு ஒருத்தன் வந்தால் நின்றுவிடுவான். எந்தப் பக்கம் திரும்புவது, எப்போது கொடுப்பது என்று முடிவெடுக்கிற வேலை வரிசையில் இல்லவே இல்லை. எனக்கே அந்தக் குறை உண்டு. இருபது வயது வரைக்கும் மட்டையில் பந்து இருந்தால் யாருக்குக் கொடுப்பது என்று பெஞ்சிலிருந்து யாராவது கத்த வேண்டும்.

இவ்வளவு பேசிவிட்டு நண்பர் ஜெயித்த இடத்தைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை.

போன வருஷம் ஒரு பள்ளி அணியோடு ஆடினோம். எங்கள் பிள்ளைகள் நன்றாகத்தான் ஓடினார்கள், இடம் பார்த்து நின்றார்கள். ஆனால் வேகமாக வந்த ஒவ்வொரு பந்தும் மட்டைக்கு அடியில் நழுவியது, இல்லாவிட்டால் மட்டையில் பட்டு மூன்றடி தள்ளித் தெறித்தது. எதிரணிக்காரப் பிள்ளைகள் பெரிய மூளை ஆட்டம் ஒன்றும் ஆடவில்லை. வந்த பந்தை நிறுத்தினார்கள், அடித்தார்கள். நாலு கோல். வரும் வழியில் நண்பர் வாயே திறக்கவில்லை. டீக்கடையில் உட்கார்ந்த பிறகுதான், “ஸ்டாப்பிங்னு ஒண்ணு இருக்குதுல்ல?” என்றார்.

அவர் சொன்னது சரி. சின்ன ஆட்டத்தில் பந்து மெதுவாகத்தான் வரும். வேகமான பந்தை நிறுத்தும் கை தானாக வராது. ஹாக்கிப் பந்து 156 முதல் 163 கிராம் வரை எடையுள்ள கெட்டிச் சாமான். அது வரும்போது கையை விறைப்பாக வைத்தால் தெறிக்கத்தான் செய்யும். படுகிற நொடியில் மட்டையை ஒரு விரல்கடை பின்னால் விட்டுக்கொடுக்க வேண்டும், மேல் கை கொஞ்சம் முன்னால் சாய்ந்திருக்க வேண்டும். இதை ஆட்டத்துக்கு நடுவே சொல்லிப் புரியவைக்க முடியாது. தனியாக, திரும்பத் திரும்பச் செய்துதான் வரும். எங்கள் வாத்தியார் தினமும் நூறு பந்து நிறுத்தச் சொல்வார். எண்ணிக்கை தப்பினால் முதலிலிருந்து. அன்றைக்குத் திட்டினோம். இன்றைக்கும் என் கை அதை மறக்கவில்லை.

அதனால் இப்போது முதல் பதினைந்து நிமிஷம் அவருடையது. ஒரு நிபந்தனை: வரிசை கூடாது. இரண்டிரண்டு பேராக எதிரெதிரே எட்டு மீட்டரில் நின்று, ஒருவன் தள்ள, ஒருவன் நிறுத்த. பந்து போதாத நாளில் மூன்று பேராக. யாரும் சும்மா நிற்பதில்லை. யோசித்துப் பார்த்தால் எனக்குப் பிடிக்காதது வரிசைதான் போலிருக்கிறது, பயிற்சியின்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. இதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

பிடியிலும் அவர் வைத்தியம்தான் வேலை செய்கிறது. ஹாக்கியில் மட்டையைத் திருப்புவது மேலே இருக்கும் இடது கை. வலது கை சும்மா வளையம் மாதிரி சுற்றியிருக்க வேண்டும். பிள்ளைகள் வலது கையால் இறுக்கிப் பிடித்து மணிக்கட்டை முறுக்குவார்கள். எவ்வளவு சொன்னாலும் கேட்காது. நண்பர் ஒரு சாண் பிவிசி குழாய்த் துண்டை மட்டையில் மேலிருந்து நுழைத்து, வலது கை பிடிக்கும் இடத்துக்கு இறக்கிவிடுவார். இப்போது பிள்ளை குழாயைத்தான் பிடிக்கிறான். குழாய்க்குள் மட்டை தானாகச் சுழல்கிறது. எவ்வளவு இறுக்கினாலும் திருப்பும் வேலை இடது கைக்குத்தான். பத்து நிமிஷத்தில் முகத்தில் ஒரு ‘அட’ தெரியும். பிளம்பர் கடையில் வெட்டிப்போட்ட மிச்சம், காசுகூட வாங்கவில்லை.

இடது கைப் பழக்கமுள்ள பிள்ளையின் அம்மா ஒருவர், “சார், இவனுக்குத் தனி மட்டை வாங்கணுமா?” என்று கேட்டார். ஹாக்கியில் இடது கை மட்டை என்று ஒன்று கிடையாது. தட்டையான முகம் எல்லா மட்டைக்கும் ஒரே பக்கம்தான். “திருப்புற கையே அவனுக்கு நல்ல கைம்மா, கவலைப்படாதீங்க” என்றேன். இப்போது பந்தை மட்டையோடு கொண்டுபோகும் டிரிபிளிங்கில் அவன்தான் முதல்.

பந்தைப் பாரு, தலையைத் தூக்கு

பழைய வாத்தியார்கள் எல்லோரும் கத்தியது ‘பந்தைப் பாரு’. இப்போதைய பயிற்சியாளர்கள் கத்துவது ‘தலையைத் தூக்கு’. எங்கள் மைதானத்தில் ஒரே பிள்ளைக்கு, ஒரே நிமிஷத்தில், நண்பர் ஒன்றும் நான் ஒன்றும் கத்திக்கொண்டிருந்தோம். பத்து வயதுப் பெண் ஒருத்தி பந்தைக் காலடியில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டாள். “சார், நான் எதைத்தான் பாக்குறது?”

நல்ல கேள்வி. பதில் சொல்ல எங்களுக்கு ஒரு வாரம் ஆனது. பழைய ஆட்டத்தில் பந்தைப் பார்க்கச் சொன்னதற்குக் காரணம் மண். பந்து எப்போது துள்ளும் என்று தெரியாது. கண்ணை எடுத்தால் போச்சு. அதோடு ஐந்து ஃபார்வர்ட், மூன்று ஹாஃப், இரண்டு பேக் என்று ஆள் நிற்கும் இடம் ஏறக்குறைய நிலையானது. தலையைத் தூக்காமலே இடது ஓரத்தில் ஆடும் லெஃப்ட் அவுட் எங்கே இருப்பான் என்று தெரியும். 1990களின் பிற்பாதியில், எதிரணித் தடுப்பாளர்களைத் தாண்டி முன்னால் காத்து நிற்கக் கூடாது என்ற ஆஃப்சைடு விதி போனது, ஆட்கள் எங்கு வேண்டுமானாலும் நிற்கத் தொடங்கினார்கள். 2009இல், எதிரணி தவறு செய்தால் கிடைக்கும் ஃப்ரீ ஹிட்டைத் தனக்கே தட்டிக்கொண்டு ஓடலாம் என்று விதி வந்தது. பார்க்காமல் ஆட முடியாது என்றானது.

இப்போது அவளுக்குச் சொல்வது இதுதான்: பந்து கிளம்பும் முன்னால் சுற்றிப் பார், பந்து வரும்போது பந்தை மட்டும் பார், நின்ற உடனே தலையைத் தூக்கு. இருவரும் இதையேதான் சொல்கிறோம். கத்தாமல் சொல்வதற்கு முயற்சி நடக்கிறது.

மண்ணும் டர்ஃபும்

இந்த இடத்தில் நான் கட்சி மாறியவன். முன்பெல்லாம் ‘மண்ணில் கற்றவனுக்குத்தான் கை’ என்று வீறாப்பாகப் பேசுவேன். 1975இல் உலகக் கோப்பையை வென்ற இந்திய அணியில் நம் தமிழ்நாட்டு வி.ஜே. பிலிப்ஸ் இருந்தார், மறு வருஷம் மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் முதல்முறையாக டர்ஃப் என்கிற செயற்கைத் தளம் வந்தது, இந்தியா ஏழாவது இடத்துக்குப் போனது. எங்கள் தலைமுறைக்கு அந்தத் தளத்தின்மேல் ஒரு வன்மமே உண்டு. 1980 மாஸ்கோவில் நம் வி. பாஸ்கரன் தலைமையில் தங்கம் வாங்கியதும் செயற்கைத் தளத்தில்தான் என்பதை வசதியாக மறந்துவிடுவோம்.

எங்கள் பையன் ஒருவன் முதல்முறையாக எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கத்து டர்ஃபில் இறங்கியபோதுதான் எனக்கு உறைத்தது. மண்ணில் பந்து குதிக்கும் என்பதால் மட்டையை நிமிர்த்தி வைத்து நிறுத்தக் கற்றிருந்தான். டர்ஃபில் பந்து குதிக்காமல் சர்ரென்று வரும். அங்கே குனிந்து, மட்டையைத் தரையோடு படுக்கவைத்துவிட்டால் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் அகலத்துக்குத் தடுப்பு. அவனுக்கு அது தெரியாது. இரண்டு பக்கமும் பந்து போய்க்கொண்டே இருந்தது. அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மண்ணில் மட்டையைப் படுக்கவைத்தால் பந்து அதன்மேல் ஏறிக் குதித்துப் போகும். அங்கே சரி என்பது இங்கே தப்பு.

மண்ணுக்கும் அதன் பெருமை உண்டு. துள்ளும் பந்தைப் பிடித்துப் பழகிய கைக்கு எதிர்பாராத பந்து பயமில்லை. அரியலூர் கார்த்தி, கோவில்பட்டி மாரீஸ்வரன் என்று நம் தமிழ்நாட்டுப் பையன்கள் இந்திய அணி வரைக்கும் போய் ஆடியதைப் பார்த்த பிறகு சின்ன ஊர் என்பது ஒரு சாக்கு இல்லை. ஆனால் கோவில்பட்டியில் டர்ஃப் உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2025இல் ஜூனியர் உலகக் கோப்பை சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. நடந்தது எல்லாம் டர்ஃபில். பன்னிரண்டு வயது வரை மண் போதும், அதற்குமேல் மாதம் ஒருமுறையாவது வழுக்குத் தரையில் ஆடவிட வேண்டும் என்பது என் இப்போதைய முடிவு. டர்ஃப் கிடைக்காதவர்களுக்கு ஒரு வழி: சிமெண்ட் போட்ட கூடைப்பந்துத் தளம், கூடவே ஒரு டென்னிஸ் பந்து. டர்ஃப் ஆகிவிடாது, ஆனால் குனிய வைக்கும்.

மட்டை விஷயத்தில் பெரிய ஒப்பீடு தேவையில்லை. ஆரம்பத்தில் மர மட்டை, பந்தைச் சாந்தமாக வாங்கும். இழைகளைக் கலந்து செய்த காம்போசிட் மட்டை தெறிக்கவிடும், விலையும் அதிகம். அதைவிட முக்கியம் உயரம். வளரும் பிள்ளை என்று பள்ளிச் சட்டை வாங்குவது போல இரண்டு வருஷத்துக்குச் சேர்த்து நீளமாக வாங்கிவிடுகிறார்கள். மட்டையின் முனை வயிற்றில் குத்த, பிள்ளை நிமிர்ந்தே ஆடுகிறான். இடுப்பு எலும்பு உயரம் போதும்.

பிறகு டிராக் ஃப்ளிக், அதாவது பந்தை மட்டையோடு இழுத்துவந்து கோலுக்கு வீசுவது. பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்திய அணித் தலைவராக ஆடிய ஹர்மன்பிரீத் பத்து கோல் போட்டதிலிருந்து பதினொரு வயதுக்காரன்கூட அதைத்தான் கேட்கிறான். நண்பர் ‘ஆசைப்பட்டதைச் சொல்லிக்கொடு, அதுக்காகவாவது வருவான்’ என்பார். நான் கண்டிப்பாக மறுக்கிறேன். முதுகை முறுக்கிச் செய்யும் வேலை அது, வளரும் முதுகுக்கு வேண்டாம். இதில் விட்டுக்கொடுக்கப் போவதில்லை.

கொஞ்சம் குண்டாக, மெதுவாக ஓடும் பிள்ளையை கோல்கீப்பர் ஆக்கும் பழக்கத்தையும் நிறுத்திவிட்டோம். இங்கே எல்லோரும் முறை வைத்து கோல்கீப்பரின் கால் பேட் கட்டுகிறார்கள். ஒரே செட்தான் என்பதால் வியர்வை நாற்றம் பற்றிப் புகார் வருகிறது.

ஐப்பசி மழையில் மைதானம் குளமாகிவிட்டது. மூன்று வாரமாக ஒரு பள்ளியின் சிமெண்ட் தளத்தில்தான் ஆட்டம். இடம் சின்னது என்று நண்பர் பழைய பாசத்தில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் பார்த்தார். இரண்டு நிமிஷத்தில் அவர்களே செருப்பைக் கழற்றி வைத்து கோல் போட்டுக்கொண்டார்கள். அவர் ஓரமாக வந்து நின்று, “வர்ற ஞாயிறு ஸ்டாப்பிங்குக்கு எனக்கு இருபது நிமிஷம் வேணும்” என்றார். பதினைந்துதான் என்றேன். வாட்சைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.